வரி நோட்டில் இல்லாத வீடுகள்

சென்ற ஐப்பசியில் கோவில்பட்டியில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் ஆவணப்படம் ஒன்று போட்டார்கள். ஜப்பானில் ஏதோ ஒரு மலையடிவாரக் கிராமம். நெல் அறுத்து முடிந்த வயல். வயலை ஒட்டி மரங்களுக்குள் ஒடுங்கி நிற்கிற ஒரு சின்னக் கோயில். வாசலில் வைக்கோலை முறுக்கித் திரித்துக் கட்டிய தடித்த வடம். புது அரிசியும் அரிசி மதுவும் சாமிக்குப் படைக்கிறார்கள். பிறகு மிகோஷி என்கிற சப்பரத்தை இருபது முப்பது பேர் தோளில் ஏற்றி, கத்திக்கொண்டும் குலுக்கிக்கொண்டும் தெருத்தெருவாகத் தூக்கிப் போகிறார்கள். சாமி தன் எல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான் படம்.

முடிந்ததும் ஒரு தோழர் சொன்னார்: "அப்படியே நம்ம ஊரு பொங்கல் சாட்டு மாதிரியே இருக்குல்லா?" அதற்குப் பிறகு பேச்சு ஓடிய திசை நம் வட்டாரத்துச் சிறுபத்திரிகை வாசகர்கள் எல்லோருக்கும் பழக்கமானதுதான். நிறுவன மதத்துக்கு எதிரான மக்கள் மதம். பார்ப்பனர் இல்லாத வழிபாடு. உழைப்பும் கொண்டாட்டமும் பிரியாத வாழ்வு. பக்தினின் கார்னிவல். சந்தை விழுங்காத மிச்சம். நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் பங்குக்கு முளைப்பாரியைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லவும் செய்தேன். பஸ் ஏறித் திருவேங்கடம் வந்து இறங்குகிறவரைக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மாடியில் நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

திருவேங்கடத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் கிடக்கிற ஒரு ஊர் என்னுடையது. வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, தை மாசியில் எடுக்கிற வெள்ளாமை. முன்னே கம்பும் சோளமும் பருத்தியும். இன்றைக்குப் பெரும்பாலும் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும். காட்டில் வேலை இல்லாத நாளில் தீப்பெட்டி. பருத்தியும் வத்தலும் எடுத்து முடிந்து கையில் நாலு காசு புரள்கிற பங்குனியில்தான் எங்கள் அம்மனுக்குப் பொங்கல் சாட்டு. ஆக, எங்கள் ஊர் அறுவடை விழா வசந்த காலத்தில் வருகிறது, ஜப்பான்காரன் விழா இலையுதிர் காலத்தில் வருகிறது. வித்தியாசம் மழையின் கணக்கில்தான், விழாவின் கணக்கில் இல்லை. இரண்டுமே விளைந்ததில் முதல் பங்கைச் சாமிக்குக் கொடுத்து அடுத்த வருசத்துக்கு அச்சாரம் போடுகிற காரியம். இந்த ஒற்றுமையை நான் மறுக்கவில்லை. என் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

என் அப்பா இருபது வருசத்துக்கு மேல் வரி நோட்டு எழுதினார். நீள வாக்கில் மடித்த கணக்கு நோட்டு. பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, அதன்கீழே அம்மன் துணை, பிறகு தலைக்கட்டு வரிசை. கல்யாணமான ஆம்பளை ஒவ்வொருத்தனும் ஒரு புள்ளி. தகப்பனும் கல்யாணமான ரெண்டு மகன்களும் ஒரே அடுப்பில் தின்றாலும் மூன்று புள்ளி. விதவை வீட்டுக்கு அரைப் புள்ளி. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குப் புள்ளியே இல்லை. வெளியூரில் பிழைக்கப் போனவனுக்கும் முழுப் புள்ளி. வராவிட்டாலும் மணியார்டர் வந்துவிடும். வரி பாக்கி வைத்தவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வராது. இதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் இந்த நோட்டைவிடக் கறாரான ஒரு சட்டப் பிரதியை நான் படித்ததில்லை.

நாட்டார் வழக்காறுகளைப் படிக்கப் போனவர்கள் கும்மிப் பாட்டைப் பதிவு செய்தார்கள், கதையைப் பதிவு செய்தார்கள், சாமியாடியின் வாக்கைப் பதிவு செய்தார்கள். வரி நோட்டை யாரும் கையில் எடுத்துப் பிரித்துப் படித்த மாதிரித் தெரியவில்லை. அது இலக்கியமாக இல்லை என்பது காரணமாக இருக்கலாம். என்னைக் கேட்டால் விழா என்கிற பிரதியின் முதல் அத்தியாயமே அதுதான். பாட்டும் ஆட்டமும் கிடாவெட்டும் அதற்குப் பிறகு வருகிற உரை.

நோட்டில் இருக்கிற வீடுகள் மொத்தம் ஊர். தெற்கே ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெரு ஊர் இல்லை. அது தெரு, அல்லது காலனி. பஞ்சாயத்து ஆவணத்தில், வாக்காளர் பட்டியலில், ரேஷன் கடையில் இரண்டும் ஒரே கிராமம். வரி நோட்டில் அப்படி ஒரு தெருவே கிடையாது. ஆனால் அந்தத் தெரு இல்லாமல் சாட்டு இல்லை. பொங்கல் சாட்டியிருக்கிறது, யாரும் வெளியூர் போய்த் தங்கக்கூடாது என்று பறையறைந்து ஊருக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான். கொட்டு இல்லாமல் அம்மன் இறங்கமாட்டாள். இறங்கிய பிறகு கொட்டினவர் எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு ஒரு அளவு உண்டு.

கல்லூரியில் படிக்கிறபோது, மார்க்சியம் புதிதாகத் தொற்றியிருந்த வேகத்தில், கொட்டடிக்க வரும் பெரியவர் ஒருவரிடம் போய் நான் கேட்டேன், நீங்களும் வரி குடுத்துச் சேந்துக்கிட்டா என்ன என்று. அவர் பீடியை மறைத்துக்கொண்டு சிரித்தார். "நாங்க குடுப்போம் சாமி. நீங்க வாங்குவீகளா?" அவ்வளவுதான் சொன்னார். என்னைவிட முப்பது வயது மூத்தவர் என்னைச் சாமி என்றார், நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருசம் ஆனது. நான் அவர் தர மறுப்பதாக நினைத்துக் கேட்டிருக்கிறேன். மறுப்பு வாங்குகிற கையில் இருந்தது.

வரி கொடுப்பது சுமை என்றுதான் பொருளாதாரம் படித்தவனுக்குத் தோன்றும். ஊரில் அது உரிமை. வரி கொடுத்தவனுக்கு வெட்டின கிடாயில் பங்கு உண்டு, தேங்காய் மூடி உண்டு, கூட்டத்தில் வாய் திறக்கிற தகுதி உண்டு. இவையெல்லாம் சில்லறை. பெரிய சங்கதி சாமிப் பணம். வரியில் மிச்சமாகிற பணம், ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போகிற பணம் எல்லாம் சேர்ந்து ஊருக்குள் வட்டிக்கு விடப்படுகிறது. விதைப்புக் காலத்தில், பேங்க் மேனேஜர் முகத்தைப் பார்க்காமல், நகை அடகு வைக்காமல், சாமி பேரைச் சொல்லி வாங்கிக்கொண்டு அடுத்த பங்குனியில் கட்டுகிற கடன். எங்கள் ஊரில் புஞ்சை கைமாறாமல் நின்றதற்கு அம்மனின் அருளைவிட அம்மனின் வட்டிக் கணக்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். இந்தக் கடன் தெற்குத் தெருவுக்குக் கிடையாது. வரி இல்லாதவனுக்கு எப்படிச் சாமிப் பணம் தரமுடியும் என்று கேட்பார்கள். நியாயம்தான், அந்த நோட்டுக்குள் நின்று பேசினால்.

இதைவிட மோசம் கண்மாய். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழே உள்ளது பஞ்சாயத்து ஒன்றியத்துக்கு என்பது அரசாங்கத்தின் கணக்கு. ஊர்க் கணக்கு வேறு. கண்மாய் மீன் பாசியை, கரையில் நிற்கிற புளியை, உள்வாயில் மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேலத்தை ஊர் கூடி ஏலம் விடும். பணம் அம்மன் கணக்கில் சேரும். பொதுச் சொத்து அம்மன் வழியாக ஊர்ச் சொத்தாகிறது. கண்மாய் பெருகி உடைகிற அன்றைக்கு மண்வெட்டி எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவர்கள் யார் என்று கேட்டால் எங்கள் அப்பாவே தெற்குத் தெருவைத்தான் சொல்வார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. நோட்டில் எழுத மாட்டார், அவ்வளவுதான்.

இனி முளைப்பாரி. இதைப் பற்றி நம்மவர்கள் எழுதியதில் பாதி 'முன்னோர் அறிவியல்' என்கிற ராகம். நவதானியத்தை முளைக்க வைத்து விதையின் வீரியத்தைச் சோதித்துப் பார்த்தார்களாம். ஆடியில் முளைப்பாரி எடுக்கிற ஊர்களுக்கு, அடுத்து விதைப்பு வருகிறது என்பதால், இது பொருந்தலாம். எங்களுக்கு விதைப்பு புரட்டாசியில், முளைப்பாரி பங்குனியில். ஆறு மாசத்துக்கு முன்னாலேயே எந்தச் சம்சாரி விதையைச் சோதிப்பான்? போகட்டும். இன்றைக்கு மக்காச்சோள விதை கம்பெனிப் பையில் வருகிறது, முளைப்பாரிக்கான தானியம் பலசரக்குக் கடையில் நவதானியப் பொட்டலமாக வருகிறது. இரண்டுக்கும் இடையே எந்த உறவும் மிச்சமில்லை. இருந்தும் பெண்கள் போடுகிறார்கள், இருட்டு வீட்டுக்குள் வைக்கோலும் ஆட்டாம்புழுக்கையும் போட்டு, தண்ணீர் தெளித்து, ராத்திரி ராத்திரி சுற்றி வந்து கும்மியடிக்கிறார்கள். வெயில் படாமல் வெளுத்து மஞ்சளாக நீண்டு நிற்கிற அந்தப் பயிர் வளர்ந்திருக்கிற உயரத்தைப் பார்த்து அந்த வீட்டின் வருசத்தைக் கணிப்பார்கள். என் அம்மாவின் பாரி ஒரு வருசம் சரியாக முளைக்கவில்லை. அந்தப் பத்து நாளும் அவள் பட்ட பாட்டை நான் எந்த அறிவியலுக்குள்ளும் அடக்கத் தயாராக இல்லை. பயம் அது. மழை பெய்யாதோ, பிள்ளை பிழைக்காதோ என்கிற பயம். விழாவை அறிவியல் என்று காப்பாற்றப் போகிறவர்கள் அந்தப் பயத்தைத் துடைத்தெறிந்துவிடுகிறார்கள்; அதோடு இன்னொன்றையும் துடைக்கிறார்கள். பாரி போட்டவள் பெண், தூக்கியவள் பெண், கரைத்தவள் பெண்; வரி நோட்டில் இருப்பது புருசன் பேர். அப்பா செத்த வருசத்திலிருந்து அம்மா அரைப் புள்ளி ஆனாள். பாரியும் தூக்கக் கூடாது என்றார்கள். முப்பத்தைந்து வருசம் தூக்கின தலை.

தத்துவத்துக்கு வருகிறேன். பேராசிரியர் நா.வானமாமலை பாளையங்கோட்டையில் உட்கார்ந்து 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கி, நாட்டார் கதைப்பாடல்களையும் வழிபாட்டையும் வரலாற்றுச் சான்றாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். தொ.பரமசிவன் 'அறியப்படாத தமிழகம்' எழுதியபோது உப்பும் எண்ணெயும் தேங்காயும்கூடச் சமூக வரலாறு என்று எங்கள் தலைமுறைக்குத் தெரிந்தது. இவர்கள் திறந்துவிட்ட கதவு பெரிது, நான் அதன் வழியாகத்தான் வந்தேன். ஆனால் பின்னால் வந்த நாம் அதை ஒரு சூத்திரமாக்கிவிட்டோம். பெருந்தெய்வம் என்றால் ஆதிக்கம், சிறுதெய்வம் என்றால் எதிர்ப்பு. சமஸ்கிருதமயமாக்கம் என்றால் வீழ்ச்சி, அதற்கு முன்னால் இருந்தது எல்லாம் சமத்துவம். பார்ப்பனர் இல்லாத இடத்தில் சாதி இல்லாமல் போய்விடும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் சூத்திரம் அப்படித்தான் வேலை செய்கிறது.

இந்தச் சூத்திரத்தைச் சொல்கிறவர் திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குறிஞ்சாங்குளத்தில் போய் அதைச் சொல்லிப் பார்க்கவேண்டும். 1992 மார்ச்சில் அங்கே நான்கு தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தகராறு காந்தாரியம்மன் கோயில் பற்றியது. ஆகமம் கிடையாது. அக்ரகாரம் கிடையாது. ராஜகோபுரம் கிடையாது. சிறுதெய்வம்தான். தலித் மக்கள் தங்கள் அம்மனைத் தங்கள் அம்மனாக நிறுவி வழிபடுகிற உரிமை. அது யார் இடம், யார் சாமி என்பதுதான் கேள்வி. அன்றைக்கு எனக்கு வயது இருபத்திரண்டு. திருவேங்கடம் பஜாரில் கடைகள் அடைத்துக் கிடந்ததும், எங்கள் ஊர் மந்தையில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டதும் நினைவிருக்கிறது. அந்தப் பேச்சில் பயம் இருந்தது, கொஞ்சம் திருப்தியும் இருந்தது. இரண்டாவதைச் சொல்ல எனக்கு முப்பது வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. 

அதே பங்குனியில் எங்கள் ஊரில் பொங்கல் வழக்கம்போல நடந்தது. கொட்டு வழக்கம்போல வந்தது. 'வழக்கம்போல' என்கிற சொல்லின் வன்முறை அந்த வருசம்தான் எனக்கு முதன்முதலாகத் தட்டுப்பட்டது.

பக்தின் 1965இல் வெளிவந்த ராபலே பற்றிய நூலில் கார்னிவலுக்கு ஒரு இலக்கணம் சொல்கிறார்: அங்கே மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையே கோடு கிடையாது, எல்லோரும் உள்ளே இருப்பவர்கள், வேடிக்கை பார்ப்பவர் என்று யாருமில்லை. இதை அப்படியே எங்கள் ஊர் மந்தையில் வைத்துப் பார்க்கலாம். கரகாட்டம் நடக்கிறது. நையாண்டி மேளம் பொளந்து கட்டுகிறது. ஊர் ஆண்கள் தரையில், பெண்கள் திண்ணையில். ஓடைக்கு இந்தப் பக்கம், வெளிச்சம் முடிகிற இடத்தில், ஒரு கூட்டம் நின்றுகொண்டே பார்க்கிறது. விடிய விடிய நின்றுகொண்டு. பக்தினின் இலக்கணப்படி இது கார்னிவல் இல்லை. மேக்ஸ் கிளக்மன் 1954இலேயே ஆப்பிரிக்கச் சடங்குகளை வைத்துச் சொன்னது கொஞ்சம் நெருங்கி வருகிறது: ஒருநாள் தலைகீழாக்கி ஆடவிடுவது மறுநாள் ஒழுங்கை உறுதியாக்கத்தான் என்று. ஆனால் கிளக்மனின் தலைகீழ் ஆட்டத்துக்குக்கூட உள்ளே ஒரு இடம் வேண்டும். வெளிச்சத்துக்கு அப்பால் நிற்கிறவனுக்குத் தலைகீழாக்கவும் ஒன்றுமில்லை.

வேடிக்கை பார்ப்பவரைப் பற்றி ஒரு ஜப்பானியரும் எழுதியிருக்கிறார், அதனால்தான் அந்த ஆவணப்படம் என்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தது. யானகிதா குனியோ, ஜப்பானிய நாட்டார் வழக்காற்றியலைத் தோற்றுவித்தவர் என்று சொல்லப்படுகிறவர், 1942இல் வந்த 'ஜப்பானின் விழாக்கள்' என்ற நூலில் பழைய விழா எங்கே உருமாறத் தொடங்கியது என்று கேட்டுக்கொள்கிறார். அவர் பதில்: வேடிக்கை பார்க்கிறவர்கள் வந்தபோது. நம்பிக்கையில் பங்கில்லாமல் அழகை மட்டும் பார்க்கிற கூட்டம், குறிப்பாக நகரத்துக் கூட்டம், வந்ததும் விழா காட்சியாகிவிட்டது என்கிறார். படிக்கிறபோது நல்ல அவதானிப்பு என்று அடிக்கோடு போட்டேன். பிறகு எங்கள் மந்தை நினைவுக்கு வந்தது. எங்களுக்கு வேடிக்கை பார்ப்பவர் நகரத்திலிருந்து வரவில்லை. ஆதியிலிருந்தே இருக்கிறார். அவரை உண்டாக்கியது சாதி. அவருக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை, அந்த அம்மனுக்கு அவரும் நேர்ந்துகொள்கிறார், அவர் பிள்ளைக்கும் அம்மை போட்டால் அவள் பேரைத்தான் சொல்கிறார். பங்கு மட்டும் இல்லை.

யானகிதாவின் ஊரிலும் இதே கதை உண்டு, அவர் அதைப் பெரிதாகப் பேசவில்லை என்பதுதான் விசயம். ஜப்பானில் ஒரு கோயிலின் எல்லைக்குள் அந்தச் சாமிக்குப் பிள்ளைகளாகக் கணக்கிடப்படுகிற குடும்பங்களை உஜிகோ என்கிறார்கள். நம் தலைக்கட்டு மாதிரி. செத்த மாட்டை அகற்றுவது, தோல் பதனிடுவது போன்ற தொழில்களோடு சேர்த்துத் தீட்டுக் கற்பிக்கப்பட்ட புராகு மக்களைப் பல ஊர்கள் உஜிகோவாக ஏற்கவில்லை. 1871இல் மெய்ஜி அரசு இழிபெயர்களை ஆணையால் ஒழித்தது. ஆணை வந்த பிறகும் மிகோஷியைத் தூக்க அவர்களை விடுவதா என்பதில் ஊர்கள் முரண்டு பிடித்தன. நம்மூரில் தேர்வடம் தொடுவதற்கு நடந்ததைப் போலவே அங்கேயும் தகராறும் வழக்கும் நடந்திருக்கின்றன. விழாவில் அதிர்கிற பெரிய முரசுக்குத் தோல் பதனிட்டு இழுத்துக் கட்டிய கைகள் பெரும்பாலும் அவர்களுடையவை. முரசு உள்ளே, கை வெளியே. இதைப் படித்தபோது எனக்குப் பீடியை மறைத்துக்கொண்டு சிரித்த முகம்தான் தெரிந்தது. 1922 மார்ச் 3ஆம் தேதி கியோட்டோவில் கூடி அந்த மக்கள் சுய்ஹெய்ஷா என்ற தங்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். பரிதாபம் வேண்டாம், எங்கள் விடுதலை எங்கள் கையால் என்பதுதான் அதன் நிலை. மகத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளுவதற்கு ஐந்து வருசம் முன்பு.

யானகிதா 'ஜோமின்' என்றொரு சொல்லைக் கையாண்டார். சாதாரண ஜனம் என்று பொருள். மேட்டுக்குடி இல்லாத, எழுத்தில் ஏறாத, நிலத்தில் வேரூன்றிய மக்கள். நம் 'நாட்டார்' மாதிரி. அந்தச் சொல்லுக்குள் நெல் விளைவிக்கிற நிலையான குடி வந்தது. புராகு மக்களும் நாடோடிக் கலைஞர்களும் மெல்ல வெளியே போனார்கள் என்பது அவர்மேல் பின்னால் வந்த விமர்சனம். வரலாற்றாசிரியர் அமினோ யோஷிஹிகோ, ஜப்பான் என்றாலே நெல் என்கிற இந்தப் பிம்பத்தையே உடைத்து எழுதினார். இதில் நமக்கு வேலை இருக்கிறது. 'நாட்டார்' என்று நாம் எழுதுகிறபோது யார் உள்ளே வருகிறார்கள்? சிவகங்கைப் பக்கம் நாட்டார் என்றால் நாட்டுக்குத் தலைவர். கண்டதேவித் தேருக்கு உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை என்று நான்கு நாட்டார்தான் வடம் பிடிக்க உரியவர்கள். அந்த வடத்தைத் தாங்களும் பிடிக்கவேண்டும் என்று தலித்துகள் கேட்டதில் தேரே பல வருசம் நின்றுபோய், பதினேழு வருசத்துக்குப் பிறகு 2024 ஜூனில் நீதிமன்றத்தின் பார்வையிலும் போலீஸ் பந்தோபஸ்திலும் ஓடியது. ஆய்வுலகில் ஒடுக்கப்பட்டவருக்கு வைத்த பெயரும் களத்தில் ஒடுக்குகிறவருக்கு இருக்கிற பெயரும் ஒரே சொல்லாக இருப்பது தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனசில்லை.

ஒரு மறுப்பு வரும், அதை நானே சொல்லிவிடுகிறேன். எல்லாச் சமூகமும் தங்களுக்குள் வரி போட்டுத் தங்கள் கோயிலைத் தாங்கள் வைத்துக்கொள்கிறது, இதில் என்ன தப்பு? கமுதியில் 1897இல் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நாடார்கள்மேல் போட்ட வழக்கு 1908இல் பிரிவி கவுன்சில் வரை போய் அவர்களுக்கு எதிராக முடிந்தது. இடையில் 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. அவர்கள் உறவின்முறை வைத்து, மகமை வசூலித்து, கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொண்டார்களே, தலித்துகளும் அப்படிச் செய்யலாமே? செய்கிறார்கள். தெற்குத் தெருவில் தனி அம்மன் இருக்கிறாள், தனி வரி இருக்கிறது, தனிச் சாட்டு இருக்கிறது. ஆனால் அவர்கள் அம்மனுக்குக் கண்மாய் மீனில் பங்கில்லை. சாமிகள் தனித்தனியாக இருக்கலாம். கண்மாய் ஒன்றுதான். குறிஞ்சாங்குளம் சொல்வது இன்னும் கடுமை: தனியாக வைத்துக்கொள் என்று உபதேசிக்கிற ஊரே, தனியாக வைத்துக்கொள்ளப் போனபோது என்ன செய்தது?

சங்கரன்கோவில் ஆடித் தபசைச் சொல்லி இன்னொருவர் மறுக்கலாம். கோமதியம்மன் தபசுக் காட்சிக்கு வருகிறபோது சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் காய்கறியையும் சப்பரத்தை நோக்கிச் சூறை விடுவார்கள். யார் காட்டுப் பருத்தி எது என்று அந்தக் காற்றில் யாராலும் சொல்லமுடியாது. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து நானும் ஒரு கை வத்தல் எறிந்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் கண்ணில் பட்டு அவர் திட்டியதும் ஞாபகம். அந்தக் கூட்டத்தில் ஒரு விடுதலை இருக்கத்தான் செய்கிறது. பெரிய கோயிலில், சட்டத்தின் பார்வை படுகிற இடத்தில், 1947 ஆலயப் பிரவேசச் சட்டத்துக்குப் பிறகு அது கூடிவந்திருக்கிறது. சூத்திரம் தலைகீழாகிறது பாருங்கள்: பெருந்தெய்வத்தின் முன்னால் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க முடிகிறவன், சிறுதெய்வத்தின் முன்னால் ஓடைக்கு அப்பால் நிற்கிறான். பெரிய கோயிலின் கருவறைக்குள் இன்னும் தீராத கணக்கு இருக்கிறது, அதை நான் மறக்கவில்லை. ஆனால் 2023இல் விழுப்புரம் மேல்பாதியில் சீல் வைக்கப்பட்டது திரௌபதியம்மன் கோயில். அதே வருசம் திருவண்ணாமலை தென்முடியனூரில் தலித்துகள் போலீஸ் பாதுகாப்போடு முதன்முதலாக நுழைந்தது முத்துமாரியம்மன் கோயில். எல்லாம் நம் கட்டுரைகளில் எதிர்ப்பின் குறியீடாக நிற்கிற அம்மன்கள்.

விழாவே வேண்டாம் என்று சொல்கிற பகுத்தறிவுக்காரன் இல்லை நான். திருப்பூரிலும் சிவகாசியிலும் சென்னையிலும் சிதறிக் கிடக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வருசத்துக்கு ஒருமுறை வந்து சேர்வது அந்தப் பொங்கலுக்குத்தான். ஜப்பான் கிராமங்களிலும் ஆளில்லாமல் மிகோஷியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற நிலைமை வந்திருக்கிறது. ஆள் குறைகிறபோது சில ஊர்கள் அதுவரை சேர்க்காதவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. பெண்கள் தோள்கொடுக்கிறார்கள், வெளியூர் மாணவர்கள் தோள்கொடுக்கிறார்கள். தோளுக்குத் தேவை வந்தால் தீட்டு நகர்ந்துகொடுக்கிறது. எங்கள் ஊரில் தோளுக்கு இன்னும் பஞ்சம் வரவில்லை.

கடைசியாகப் போன பங்குனியில் நடந்த ஒன்று. அப்பாவுக்குப் பிறகு நோட்டு என் சித்தப்பா மகன் கைக்குப் போயிருக்கிறது. நோட்டு என்று சொல்வது வழக்கம்தான், கணக்கெல்லாம் இப்போது செல்போனில். நோட்டீஸின் மூலையில் பணம் அனுப்புகிற கட்டத்தையும் அச்சடித்திருந்தார்கள், வெளியூர்க்காரர்கள் வசதிக்கு. தலைக்கட்டுக்கு மூவாயிரம் வரி. சாட்டுக்கு மூன்றாம் நாள் திருப்பூரிலிருந்து ஒரு மூவாயிரம் வந்து விழுந்தது. பேரைப் பார்த்தான். நோட்டில் இல்லாத பேர். தெற்குத் தெருப் பையன், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். யாரோ கொடுத்த நோட்டீஸைப் பார்த்து அனுப்பியிருக்கிறான்.

அன்றைக்கு ராத்திரி கூட்டம் போட்டார்கள். திருப்பி அனுப்பவேண்டும் என்றார் ஒருவர். அனுப்பினால் வன்கொடுமைக் கேஸாகிவிடும் என்றார் இன்னொருவர். அம்மனுக்கு வந்த காசைத் திருப்பக்கூடாது என்றார் சாமியாடி. விடியக்காலை வரை பேசி, 'நன்கொடை' என்று எழுதிக்கொள்வது என்று முடிவானது. எவ்வளவு சாமர்த்தியமான சொல். நன்கொடையை யாரிடமும் வாங்கலாம், முஸ்லிம் கடைக்காரரிடம் வாங்குகிறோம், கட்சிக்காரரிடம் வாங்குகிறோம். கொடுத்தவருக்கு நன்றி சொன்னால் போதும், பங்கு கொடுக்கவேண்டியதில்லை. வரிக்கும் நன்கொடைக்கும் இடையே இருக்கிற அந்த ஒரு சொல்லின் தூரம்தான் ஓடை.

தம்பி அவனுக்குப் போன் போட்டு, நன்கொடை வந்து சேர்ந்தது, ரசீது அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவன் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறான். "அண்ணாச்சி, நன்கொடைன்னா நூத்தியொண்ணு அனுப்பியிருப்பேன். நோட்டீஸ்ல மூவாயிரம்னு போட்டிருந்துச்சு, மூவாயிரம் அனுப்பியிருக்கேன். ரசீதுல வரின்னு எழுதிக் குடுங்க."

தம்பி என்னிடம் வந்து என்ன செய்யலாம் என்று கேட்டான். எழுதிக் கொடு என்றேன். ஊர் என்ன சொல்லும் என்றான். அடுத்த பொங்கல் வரப்போகிறது. ரசீது இன்னும் எழுதப்படவில்லை.